காயில் கட்டுவதா, புது மோட்டார் இறக்குவதா?

கேள்வி: கோவை துடியலூர் பக்கம் சொந்த வீடு. நானும் கணவரும்தான் இருக்கிறோம். அவர் ஓய்வு பெற்று 2 வருடம் ஆகிறது, பென்ஷன் வருகிறது. குடிக்க மட்டும் பைப் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர்வெல்தான். 420 அடி போரில் 360 அடியில் 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இருக்கிறது. 14 வருடப் பழசு, இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிய டேங்க் இப்போது மூன்று மணி நேரம் எடுக்கிறது. அவ்வப்போது ட்ரிப் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடிய மீட்டர் இப்போது 560 காட்டுகிறது. கரண்ட் பில் 1,300-லிருந்து 2,550 ரூபாய் ஆகிவிட்டது. மறுபடி காயில் கட்ட, தூக்கி இறக்கும் கூலியோடு 10,500 ரூபாய் கேட்கிறார் மெக்கானிக். எல்லாம் புதுசு என்றால் 48,000. சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. 7% வட்டியில் 3 லட்சத்துக்கு 2 வருட எஃப்.டி., முதிர இன்னும் 7 மாதம். மகன் கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ போடலாம் என்கிறான். பக்கத்து வீட்டில், ஓடும்வரை ஓடட்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஜனவரியிலேயே கேட்டீர்களே, அதுவே பாதி நல்ல செய்தி. ஏப்ரலில் மோட்டார் நின்றால் மெக்கானிக் கேட்கும் கூலி, கடையில் இருக்கும் மாடல், லாரித் தண்ணீர்க்காரர் சொல்லும் விலை எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியிருக்கும். மூன்று இடத்தில் விலை கேட்க அப்போது நேரம் இருக்காது. ஓடும்வரை ஓடட்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன்னால், கோளாறு மோட்டாரிலா போரிலா என்று தெரிய வேண்டும். இதற்குச் செலவே இல்லை. மாடியில் டேங்குக்குள் தண்ணீர் விழும் குழாய் வாயில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் வந்தவுடன் ஒரு தடவை, அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை. முதலில் வேகமாக வந்து பிறகு இளைத்தால் ஊற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்த எடுப்பிலேயே மெதுவாக வந்து கடைசிவரை அப்படியே வந்தால், பம்பின் இம்பெல்லர் (தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே பைப்பில் எங்காவது ஓட்டை விழுந்து தண்ணீர் திரும்பக் கீழேயே கொட்டலாம். நீர்மட்டம் அடியோடு இறங்கியிருந்தாலும் இப்படித்தான் வரும். அதனால் மெக்கானிக் வரும்போது நூல் விட்டு நீர்மட்டத்தையும், கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊற்றுதான் பிரச்சினை என்றால் 48,000 ரூபாய் மோட்டார் உங்களுக்கு ஒரு சொட்டு கூடத் தண்ணீர் தராது. மழைக்காலம் முடிந்த கையோடு, மட்டம் ஏறியிருக்க வேண்டிய மாதத்திலேயே இப்படி என்றால் கோடையை நினைத்துப் பாருங்கள். அப்போது செய்ய வேண்டியது வேறு: கம்ப்ரசர் காற்றால் போரை ஃப்ளஷ் செய்து சுத்தமாக்குவது, கீழே இன்னும் 60 அடி இருப்பதால் மோட்டாரைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது.

பம்ப்தான் தேய்ந்திருக்கிறது என்றால், மூன்றாவது முறை காயில் கட்டாதீர்கள். காயில் கட்டினால் மோட்டாரின் வைண்டிங்தான் புதுசாகும். தேய்ந்த இம்பெல்லரும் புஷ்ஷும் அப்படியே இருக்கும், டேங்க் அதே மூன்று மணி நேரம்தான் எடுக்கும். கணக்கைப் பாருங்கள். இந்த மோட்டார் மணிக்குச் சுமார் 1.6 யூனிட் இழுக்கும். தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 140 யூனிட்டுக்கு மேல் வரும். உங்கள் மீட்டர் காட்டுவதும் அதேதான். இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பாகிவிடுகிறது. பில்லுக்கு 1,250 ரூபாய், வருடத்தில் ஆறு பில், ஆக 7,500 ரூபாய். பழைய நிலைக்கே திரும்பினால், ரிப்பேருக்கு மேல் நீங்கள் போடும் 37,500 ரூபாய் 5 வருடத்தில் திரும்பிவிடும். லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் செலவு எப்படியும் வரப்போகிறது. ரிப்பேர் பணம்தான் திரும்பாத பணம்.

48,000 என்பதை ஒற்றைத் தொகையாக ஏற்காதீர்கள். மோட்டார் பம்ப் செட், கேபிள், பைப், பேனல் (ஸ்டார்ட்டர் பெட்டி), கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கேபிளை மாற்றிவிடுங்கள். 14 வருட ஜாயின்ட்டை நம்பி மறுபடி இறக்கி, அது போனால் தூக்கும் கூலி இன்னொரு தரம். உள்ளே இருக்கும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப்பைத் தூக்கிய பிறகு பார்த்து முடிவு செய்யலாம். கீறலோ வெடிப்போ இல்லையென்றால் அந்தச் செலவு மிச்சம். பழைய மோட்டாரிலும் கேபிளிலும் இருப்பது காப்பர். பேசாமல் விட்டால் அது ஆட்டோவில் ஏறிப் போய்விடும், அதற்கு ஒரு விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

‘2 எச்.பி. போடுங்கம்மா, தண்ணி பிச்சுக்கிட்டு வரும்’ என்பார்கள். வேண்டாம். ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகும். உங்கள் ஆழத்துக்கேற்ற ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், இருக்கிறதா என்று பம்பின் பெயர்த் தகட்டில் பாருங்கள், சப்மெர்சிபிள் பம்புக்கான ஐ.எஸ்.8034 தர முத்திரையும் இருக்கட்டும். பேனலில் டிரை ரன் பாதுகாப்பு, அதாவது தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரைத் தானே நிறுத்தும் வசதி, கேட்டு வாங்குங்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் பம்ப் செய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரே கடையில் விலை கேட்டு முடிக்கக் கூடாது. பம்புக்கு ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12-லிருந்து 18 சதவீதமானது. பில் இல்லாமல் தருகிறேன் என்று ஆசை காட்டுவார்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை.

சரி, பணம். எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். வங்கி 1% அபராதம் பிடித்தால், 3 லட்சத்துக்கு இதுவரை ஓடிய 17 மாதத்துக்கு 4,250 ரூபாய் போகும். அந்த எஃப்.டி.யின் பேரில் கடன் கேளுங்கள். எஃப்.டி. வட்டிக்கு மேல் 1 சதவீதம் என்று வைத்தால், 30,000 ரூபாய்க்கு 7 மாதத்துக்கு 1,400 ரூபாய்தான் வட்டி. எஃப்.டி. தன்பாட்டில் 7% சம்பாதித்துக்கொண்டிருக்கும். மீதி 18,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்து எடுங்கள். 22,000 கையில் இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். திடீரென்று ஆஸ்பத்திரி செலவு வந்தால் பென்ஷன் வரும் தேதிவரை காத்திருக்க முடியாது.

மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ‘நோ காஸ்ட்’டில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் வாங்குவார்கள். ரொக்கத்துக்குக் கடைக்காரர் குறைப்பதும் கிடைக்காது. மகன் உதவ விரும்பினால் அந்த 30,000-ஐ அவரே தரட்டும், மாதாமாதம் திருப்பிக் கொடுங்கள். வட்டியே இல்லை.

அப்புறம் ஒன்று. கரண்ட் பில்லில் மாதம் 600 ரூபாய் மிச்சமாகும் அல்லவா? அதில் 500-ஐ ஆர்.டி.யாகப் போடுங்கள். 8 வருடத்தில் கட்டிய பணமே 48,000 ஆகிவிடும், வட்டி தனி. அடுத்த மோட்டார் மாற்றும்போது உங்களுக்கும் அவருக்கும் அறுபதைத் தாண்டி வெகு தூரம் ஆகியிருக்கும், அந்த வயதில் கடன் கேட்டு அலைய வேண்டாம். எஃப்.டி. முதிர்ந்து, கடன் போக மீதியைப் புதுப்பிக்க வங்கிக்குப் போகும் அன்றைக்கே இந்த ஆர்.டி. படிவத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இருவர் பெயரிலும்.