அடிக்காத கணவருக்கு எதிராகவும் சட்டத்தின் உதவியை நாடலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் வசிக்கும் என் தங்கை ஓர் ஆசிரியை. அவருடைய கணவர் ஒருநாளும் கைநீட்டியதில்லை. ஆனால் சம்பளம் விழும் வங்கி அட்டை அவரிடம்தான் இருக்கிறது. பாடசாலை விட்டதும் வீடியோ அழைப்பெடுத்து எங்கே நிற்கிறாள் என்று காட்டவேண்டும். எங்களிடம் வந்து போனால் நாட்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இப்போது அம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படியும், மறுத்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவதாகவும் சொல்கிறார். பொலிஸில் "அடித்தாரா?" என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

பதில்: "அடிக்கவில்லை" என்ற உண்மையையே சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், இத்தனை காலமாக நடந்துவருவதை ஒழுங்காக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தங்கை அனுபவிப்பது குடும்பத்துக்குள் வரும் சாதாரண மனத்தாங்கல் அன்று. பணம், நடமாட்டம், உறவுகள், உறைவிடம் ஆகிய நான்கையும் ஒருவர் தன் கைக்குள் கொண்டுவந்து, மற்றவர் எதற்கும் அனுமதி கேட்டே வாழவேண்டிய நிலையை உண்டாக்குவதை வலிந்து கட்டுப்படுத்தல் என்பார்கள். அமெரிக்க சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதை விரிவாக விளக்கியது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பமாகவே தெரியும். அதனால்தான் உறவினர்கள் "அவர் உன்மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார்" என்று சமாதானம் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தும் வேல்ஸும் 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்மூலம் இதை ஐந்து ஆண்டுகள் வரை சிறைவிதிக்கக்கூடிய தனிக் குற்றமாக்கின. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் 2019 முதல் அத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இலங்கையில் இந்தப் பெயரில் தனிக் குற்றம் கிடையாது. ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலில் காயம் இருந்தால்தான் உதவும் என்று எவராவது சொன்னால் அது தவறு. அச்சட்டம் உளரீதியான துன்புறுத்தலையும் வீட்டு வன்முறை என்றே கொள்கிறது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் அல்லது அவமானப்படுத்தும் பாரதூரமான நடத்தை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதே அதன் வரைவிலக்கணத்தின் சாரம். அச்சுறுத்திப் பறித்தலும் குற்றவியல் மிரட்டலும் அச்சட்டத்தின் அட்டவணையில் தனியாக இடம்பெறுகின்றன. ஆகவே வீட்டை எழுதித் தரச் சொல்லி அவர் விடுக்கும் மிரட்டலைச் சட்டத்தரணியிடம் சொல்லும்போது தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

"தொடர்ச்சி" என்பதைத்தான் நீங்கள் நிரூபிக்கவேண்டியிருக்கும். ஒரு பெரிய சம்பவத்தைத் தேடி அலையாமல், சிறியவற்றைத் திகதியோடு எழுதிவையுங்கள்: எந்த மாதம் சம்பளத்திலிருந்து அவளுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்த நிகழ்வுக்குப் போக மறுக்கப்பட்டது, குரல்பதிவில் என்ன சொன்னார், அப்போது யார் அருகில் இருந்தார்கள் என்பவற்றை. அந்தக் குறிப்பும் குறுஞ்செய்திகளின் படங்களும் உங்களிடம் இருக்கட்டும். கணவர் திறந்து பார்க்கும் தொலைபேசியில் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்தப் பதிலை அவளுக்கு அனுப்புவதையும் தவிர்த்து, நேரில் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தாய் வழியாக மகளுக்கு வீடு வருவது நெடுநாள் வழக்கம். பெண்ணுக்கு இருக்கும் மிகப் பெரிய பலமும் அதுவே. அந்த வீடு கைமாறிய பிறகு அவள் தன் தாய் கொடுத்த வளவிலேயே கணவருடைய தயவில் இருப்பவளாகிவிடுவாள் என்பதால், இந்த நெருக்குதலை மற்ற எல்லாவற்றையும்விடப் பாரதூரமானதாக நான் கருதுகிறேன். காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படவேண்டும். அவள் ஒப்பமிடாமல் அது நடவாது. வெற்றுத் தாளிலோ, தனக்குப் பதிலாக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்திலோ கையொப்பமிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மூல உறுதி, அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இயன்றால் அமைதியாக உங்களிடம் கொண்டுவரட்டும்.

பாதுகாப்புக் கட்டளைக்கான விண்ணப்பத்தை அவள் வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் அவளே செய்யலாம். அவள் சார்பாகப் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். அவசரம் இருந்தால் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடுவார். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும், தேவையானால் நீடிக்கலாம். அவளைத் தொடர்புகொள்ளக்கூடாது, பின்தொடரக்கூடாது, வீட்டுக்கோ பாடசாலைக்கோ வரக்கூடாது என்றெல்லாம் அதில் விதிக்கலாம். அதை மீறினால் ஓர் ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாமன், மாமி இதில் பங்கெடுத்தால் அவர்களுக்கு எதிராகவும் இச்சட்டத்தை நாடலாம். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதைக் கணவரின் மிரட்டல் தீர்மானிப்பதில்லை. அதை நீதிமன்றமே பிள்ளையின் நலனைப் பார்த்துத் தீர்மானிக்கும். முஸ்லிம் சகோதரிகளும் கவனிக்கவேண்டும்: விவாகரத்து காதி நீதிமன்றத்துக்குரியது என்றாலும் பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவானிடம் செல்ல மதம் தடையல்ல.

பொலிஸில் "சமாதானமாகப் போங்கள்" என்று அனுப்பிவைக்க முயன்றால், சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் முறைப்பாட்டை எழுத்தில் பதிவுசெய்யும்படி பணிவாகவும் விடாமலும் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் சமரசம் இத்தகைய உறவில் அவளுக்கு ஆபத்தாகலாம், ஏனெனில் அவள் அங்கே சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் விலை கேட்கப்படும்.

அவள் விலகப்போகிறாள் என்று கணவருக்குத் தெரியவரும் காலமே மிகுந்த எச்சரிக்கை வேண்டிய காலம். அதுவரை அடிக்காதவர் அப்போது அடிக்கக்கூடும். எனவே நீங்கள் போய் அவரோடு நியாயம் பேசவேண்டாம். சம்பளக் கணக்கை மாற்றுவதும் அட்டையை முடக்குவதும்கூட அவள் தங்க ஓரிடம் உறுதியான பிறகே நடக்கட்டும். அவசரமென்றால் 119ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அணுகலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். முதலில் செய்யவேண்டியது, கணவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பாடசாலை வளவுக்குள்ளேயே அவளைச் சந்தித்து, எப்போது, எதைச் செய்ய விரும்புகிறாள் என்று அவளிடமே கேட்பதுதான்.