ஆச்சியைப் பார்த்துக்கொள்வது வேறு, அதையே தொழிலாகப் படிப்பது வேறு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தேறியிருக்கிறாள். டிமென்ஷியா என்ற முதுமை மறதி நோய் உள்ள உங்கள் அம்மாவை ஒன்றரை வருடமாகக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் அவள்தான். "அவள் கையால் கொடுத்தால்தான் ஆச்சி சாப்பிடுகிறார்கள். டிமென்ஷியா பராமரிப்பிலேயே ஒரு கோர்ஸ் சேர்த்துவிட்டால் வேலைக்கும் ஆயிற்று, வீட்டுக்கும் ஆயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. அதைப் பிரித்தால்தான் வழி பிறக்கும்.

முதலில் வீடு. பயிற்சி இப்போது அவசரமாகத் தேவைப்படுவது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்தான். நீங்களே எழுதியிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் ஆச்சி இரண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும், அவுக தேடுவாக" என்று வாசலுக்கு வருகிறார்கள். நீங்கள், "இதுதாம்மா நம்ம வீடு, அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு" என்கிறீர்கள். அந்தச் சாவை ஆச்சி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் முதல்முறையாகக் கேட்கிறார்கள். சாயங்காலம் ஆனால் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் அடிக்கடி காண்பது. பயிற்சி பெற்றவர் அந்த நேரத்தில் ஆச்சியைத் திருத்த மாட்டார். "வீட்டுல யாரெல்லாம் இருக்காக? கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே மூட்டையைத் தான் வாங்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்து திரும்புவார். இருட்டும் முன்பே வீட்டு விளக்கெல்லாம் போட்டிருப்பார். இதைப் பொய் என்று நினைத்து மனம் கலங்க வேண்டாம். ஆச்சி கேட்பது ஒரு முகவரியை அல்ல, பத்திரமாக இருக்கிறோம் என்ற நிம்மதியைத்தான் தேடுகிறார்கள்.

இதையெல்லாம் கற்றுத்தருவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'ஐசப்போர்ட்' என்ற கையேட்டை வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயைப் பற்றி, பராமரிப்பவரின் பொறுப்பு பற்றி, பராமரிப்பவர் தன்னைக் காத்துக்கொள்வது பற்றி, அன்றாட வேலைகள் பற்றி, நடத்தை மாற்றங்களைச் சமாளிப்பது பற்றி என ஐந்து பகுதிகள். கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள், உங்களுக்கு இப்போது அதுதான் வேண்டும். ஆங்கிலம் சிரமமென்றால் மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 'டெம்கேர்ஸ்' என்ற பெயரில் முதுமை மறதிக்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய, மறதி நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. குடும்பத்தாருக்குப் பயிற்சி வகுப்பு எப்போது, தொலைவிலிருந்து கலந்துகொள்ள முடியுமா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567க்கும் பேசலாம். அதற்கு முன்னால் ஒன்று: எந்த வகை டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? கடிதத்தில் இல்லை. லூயி பாடி என்ற வகையாக இருந்தால், ஆளை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் சில மனநல மருந்துகளே ஆபத்தாகிவிடும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி மகளின் படிப்பு. வேலை இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய். கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறந்தாயிற்று. ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறாள் என்பதில்தான் சம்பளமும் மரியாதையும் இருக்கிறது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்றவை நோயாளியின் அன்றாடத் தேவைகளுக்கு உதவும் உதவியாளருக்கான சில மாதப் பயிற்சிகள். சீக்கிரம் வேலை கிடைக்கும், ஆனால் வளர்ச்சி குறைவு. பெரும்பாலும் ஏஜென்சி வழியாக வீட்டிலேயே தங்கி, பன்னிரண்டு மணி நேரம், சில இடங்களில் இருபத்துநான்கு மணி நேரம் வேலை. உயிரியல் படித்த பெண்ணை நேரே அங்கே அனுப்ப நான் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, வேண்டுமானால் முதியோர் நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோ சேர்ந்தால் அதே வேலையை மேற்பார்வையிடும் இடத்துக்குப் போவாள். நோயாளி தன் அன்றாட வேலைகளை முடிந்தவரை தானே செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபி இன்னொரு நல்ல வழி. நம் ஊரில் இதைப் பெற்றோர் யோசிப்பதே இல்லை.

குறுகிய காலப் பயிற்சிதான் என்று முடிவானால் பிரசுரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் ஆறு மாதம் 'முதியோர் பராமரிப்பு' படித்துச் சான்றிதழோடு வந்தான். பி.பி. பார்ப்பான், படுக்கை விரிப்பு மாற்றுவான். டிமென்ஷியா நோயாளி ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை. முதல் வேலையில் ஒரு பெரியவர் குளிக்க மறுத்துக் கையை ஓங்கியதும் பயந்து இரண்டாம் நாளே திரும்பிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் நேரில் போய்க் கேளுங்கள். மொத்தப் பயிற்சியில் மறதி நோய்க்கு எத்தனை மணி நேரம்? நோயாளிகளோடு எத்தனை நாள், எந்த இடத்தில்? குளிக்க மறுப்பவரை, விழுங்கச் சிரமப்படுபவரை, வலியைச் சொல்லத் தெரியாதவரை எப்படிக் கையாள்வது என்று யார் சொல்லித் தருகிறார்? கட்டிப்போடாமல் சமாளிக்கக் கற்றுத்தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜப்பான், ஜெர்மனி என்று யாரோ ஆசை காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பு உண்மைதான். ஜப்பானுக்கு மொழித் தேர்வும் பராமரிப்புத் திறன் தேர்வும் தேற வேண்டும். மொழி படிக்காமல் அனுப்புகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அடுத்து என்னிடம் பேசும்போது மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஆச்சியை நீங்களோ உங்கள் மனைவியோ பார்த்துக்கொள்ளட்டும். மூன்று பக்கக் கடிதத்தில் அவள் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று ஒரு வரிகூட இல்லை. அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.