நிறவெறி மனநோயில் தள்ளுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வாடகைக்குக் குடியிருக்கிறார். தெருவில் சிலர் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த பிறகு, வெளியே வருவதையே குறைத்துக்கொண்டுவிட்டார். இது மனநோயில் முடியுமா?
– வாசகி, காட்பாடி

பதில்: முடியக்கூடும், உங்கள் கவலை நியாயமானது. ஒரு முறை கேட்ட வசையைக் காட்டிலும், அடுத்தது எப்போது வருமோ என்று நாள்தோறும் விழிப்பாகவே இருக்க நேர்வதுதான் உறக்கத்தைக் கெடுத்து, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழிவகுக்கிறது. அமெரிக்காவில் ஆயுதமற்ற கறுப்பினத்தவர் காவலர்களால் கொல்லப்பட்டதை அடுத்த மாதங்களில், அதே மாநிலத்தில் வாழ்ந்த மற்றக் கறுப்பினத்தவரின் மனநலமும் சரிந்ததை 2018ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளையரிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. மருத்துவத் துறையும் இதில் குற்றமற்றதன்று. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோட விரும்புவதையே மனநோய் என்று எழுதினார் (மருத்துவனாக இதைச் சொல்லவே கூசுகிறது).

அந்த மாணவரிடம் நடந்ததைக் கேளுங்கள். ‘பெரிதாக எடுத்துக்கொள்ளாதே தம்பி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது அவர் பட்ட வேதனையையே மறுப்பதாகும். கேலி செய்தவர்களிடம் உங்கள் வீட்டார் நேரில் பேச வேண்டும். உறக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அவர் சம்மதத்துடன் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்கு நீங்களே உடன் செல்லுங்கள்.