இன்னும் 7 வாரம், கையில் 4 வாரப் பணம்

கேள்வி: ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். திரும்ப இன்னும் 7 வாரம் இருக்கிறது. கையில் உள்ள பணம் 4 வாரத்துக்குத்தான் வரும். ஒரு மாதமாக ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். அப்பா கடன் வாங்கி அனுப்பியவர், மறுபடி கேட்க வாய் வரவில்லை. தேர்வு முடிந்ததும் பக்கத்து நாடுகளைச் சுற்றிவரலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் சாப்பாடு. தேர்வு நேரத்தில் பட்டினி கிடந்து சேர்க்கும் பணம் மிச்சம் ஆகாது. ஒரு பாடத்தில் தவறினால் அதை மறுபடி படித்து எழுத ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு. உங்கள் விடுதியில் இதே நிலையில் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து வாங்குங்கள், சேர்ந்து சமையுங்கள். தனியாளுக்கென்று வாங்கும் சின்னப் பொட்டலம்தான் பெரும்பாலும் விலை கூடுதல்.

அடுத்து கணக்கு. 4 வாரத்துக்கு வரும் என்பது இன்றைய செலவை வைத்துப் போட்டது. கிளம்புவதற்கென்று ஒரு செலவு இருக்கிறதே, அதைச் சேர்த்தீர்களா? விமான நிலையம் போகும் செலவு, கடைசி மின்கட்டணம், மதிப்பெண் சான்றுக்கான கட்டணம், கூடுதல் பெட்டிக்கான காசு. முதலில் இவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். மீதியை 7 ஆல் வகுங்கள். வரும் தொகை பயமுறுத்தும், பரவாயில்லை. எவ்வளவு குறைகிறது என்பது உங்களுக்கு அப்போதுதான் சரியாகத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் அறை முன்பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொடுத்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் மாணவருக்குத் திரும்பிவரும் பெரிய தொகை. அதைக் கோட்டைவிடாதீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, காலி செய்வதை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். எழுத்தில் சொல்லுங்கள். அறையை நீங்களே சுத்தம் செய்து, சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். உரிமையாளரையோ விடுதிப் பொறுப்பாளரையோ நேரில் வரவழைத்துக் காட்டி, குறையில்லை என்று கையெழுத்து வாங்குங்கள். சாவி கொடுத்ததற்கும் ஒரு ரசீது. முன்பணம் பல இடங்களில் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வரும். அதனால் அங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது முந்தின நாளே மூடிவிட்டேன். அனுப்பிய பணம் திரும்பிப் போய், என் கைக்கு வந்து சேர 4 மாதம் ஆயிற்று. அந்த 4 மாதமும் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு பணமும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் போன்ற உதவித்தொகையில் போயிருந்தால் ஒரு பகுதியைப் பெரும்பாலும் கடைசிக்கு நிறுத்திவைத்திருப்பார்கள். இத்தனாம் தேதி வரை படித்தார் என்ற சான்று, இணையத்தில் நிரப்பும் கருத்துப் படிவம் இரண்டும் போய்ச் சேர்ந்த பிறகே அது வரும். சான்றில் கையெழுத்திடுபவர் விடுமுறையில் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

கைபேசி, பயணச் சீட்டு, உடற்பயிற்சிக்கூடம் என்று மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தா எல்லாவற்றுக்கும் ரத்து செய்ய ஒரு கெடு உண்டு. ஒரு மாத முன்னறிவிப்பு கேட்பார்கள், சில சமயம் இன்னும் கூடுதலாக. இந்த வாரமே எழுதிப் போடுங்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் விமானம் ஏறும் நாள் வரை தொடாதீர்கள். நூலகப் புத்தகங்களையும் திருப்பிவிடுங்கள், அபராதம் பாக்கி இருந்தால் மதிப்பெண் சான்றை நிறுத்திவைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஊர் வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணம். முதலாவதைத் தொட்டால் மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் சேர்ந்துவிடும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் இருந்தால், அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுங்கள்.

பகுதி நேர வேலை? விசா அனுமதிக்கும் மணிநேரத்துக்குள் மட்டும். அதைத் தாண்டினால் பிறகு விசா கேட்கும்போது அது தடையாக நிற்கலாம். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். நெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்கென்று நிதியோ குறுகிய காலக் கடனோ பல பல்கலைக்கழகங்களில் உண்டு, கேட்பவருக்குத்தான் கிடைக்கும். ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்பாவிடமும் சொல்லுங்கள். "பணம் வேண்டும்" என்று தொடங்க வேண்டாம். "இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு குறைகிறது, முன்பணம் இன்ன மாதம் திரும்பி வரும்" என்று சொல்லுங்கள். பிள்ளை பட்டினி கிடந்தது பின்னால் தெரிந்தால் அவர் மனசு அதை எப்படித் தாங்கும்?

ஊர்சுற்றல் முழுவதையும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நண்பர்கள் எல்லோரையும் இனி ஒரே இடத்தில் பார்ப்பது அரிது. காலையில் கிளம்பி இரவு திரும்பும்படி ஓரிடம் தேர்ந்தெடுத்து, "அந்த ஒரு நாள் நான் வருகிறேன், என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லை தாண்டும் இடம் என்றால் சீட்டு எடுக்குமுன் விசாவைப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால், வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வர முடியாது.