வரிசைப் பதில்களும் காலிக் கட்டங்களும்: கேள்வி பதில்

சர்வே தாள்களில் வரும் 1 முதல் 5 வரையான பதில்களை எப்படி ஆராய்வது, விடுபட்டவற்றை என்ன செய்வது என்று மொரிசியசின் பல ஊர்களிலிருந்து கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தமிழாசிரியை, ரோஸ் ஹில்): வணக்கம் ஐயா. வீட்டில் எவ்வளவு தமிழ் பேசுகிறீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டேன். ‘ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நாள், பல நாள், தினமும்’ என ஐந்து பதில்கள். எண் போட்டுச் சராசரி எடுத்தால் போதாதா?

பதில்: போதாது, டீச்சர். கிரியோல் மொழி மட்டுமே புழங்கும் வீட்டில் எப்போதாவது தமிழ் கேட்கத் தொடங்குவது பெரிய மாற்றம். ‘பல நாள்’ என்பது ‘தினமும்’ ஆவது அந்த அளவுக்குப் பெரிதா? சராசரி இரண்டையும் ஒரே அளவாக எண்ணிவிடும். பாதி வீடு 1, பாதி வீடு 5 என்றாலும் சராசரி 3. எல்லா வீடும் 3 என்றாலும் அதே 3. முதலில் ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இரண்டு பள்ளிகளை ஒப்பிட, பதில்களின் வரிசையை மட்டும் வைத்துப் பார்க்கும் மேன்-விட்னி சோதனை போதும். வயது, படிப்பு, தாத்தா பாட்டி உடன் இருப்பது என்று பல காரணங்களைச் சேர்க்க வேண்டுமென்றால், வரிசைப் பதில்களுக்கென்றே பீட்டர் மெக்கல்லா 1980இல் விரிவாக எழுதிய புரொபோர்ஷனல் ஆட்ஸ் மாடலுக்குப் போங்கள்.

கேள்வி (அதே டீச்சர்): அதையும் செய்து பார்த்தேன். பாட்டி இருக்கும் வீட்டுக்கு ஆட்ஸ் ரேஷியோ 2 வந்தது. இரண்டு மடங்கு பேர் பேசுகிறார்கள் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். பாட்டி இல்லாத வீடுகளில் 100க்கு 20 ‘தினமும்’ என்று வைத்துக்கொள்வோம். ‘தினமும்’ என்ற வீடுகளுக்கும் மற்ற வீடுகளுக்கும் உள்ள விகிதம்தான் ஆட்ஸ்: 20க்கு 80, அதாவது 0.25. அது இரட்டித்தால் 0.5, அப்படியென்றால் 100க்கு 33 வீடுதான், 40 இல்லை. வரிசையை வேறிடத்தில் வெட்டி, ‘பல நாள் அல்லது தினமும்’ ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்று வைத்தால், அந்த வெட்டில் 100க்கு 50 இருந்தால் அது 67 ஆகும். எந்த இடத்தில் வெட்டினாலும் அதே 2 என்பதுதான் இந்த மாடலின் அனுமானம்.

கேள்வி (ஆய்வு மாணவர், கத்ர் போர்ன்): அந்த அனுமானம் பொய்த்தால், அண்ணா?

பதில்: ஒவ்வொரு வெட்டுக்கும் தனி லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (இரண்டே பதிலுக்கான மாடல்) ஓட்டி, நான்கு கெழுக்களையும், அதாவது விளைவின் அளவைக் காட்டும் எண்களையும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. இந்த அனுமானத்தைச் சோதிக்கும் பிரான்ட் சோதனையின் பி மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். மாதிரி பெரிதானால் சின்ன விலகலுக்கும் அது கூச்சல் போடும். கெழு உண்மையிலேயே மாறினால், அந்த ஒரு மாறிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் பார்ஷியல் புரொபோர்ஷனல் ஆட்ஸ் இருக்கிறது.

கேள்வி (பலர்): காலியாக விட்ட தாள்களைத் தூக்கிவிடலாமா?

பதில்: ஏன் காலி என்று கேட்காமல் தொடாதீர்கள். டொனால்ட் ரூபின் 1976இல் வகுத்த பிரிவினை இன்றும் அடிப்படை. சில தாள்கள் மழையில் நனைந்துவிட்டன: முற்றிலும் தற்செயல், தூக்கினாலும் முடிவு ஒரு பக்கம் சாயாது. வயதானவர்கள் பின்பக்கத்தைத் திருப்பவில்லை, வயது நம்மிடம் இருக்கிறது: அதை வைத்துச் சரிசெய்யலாம். தமிழ் பேசாத வீட்டார் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார்கள்: இதுதான் ஆபத்து. மிச்சத் தாள்களை மட்டும் எண்ணினால் தமிழ் செழிப்பாக இருப்பதாகத் தெரியும். பின்னால் சொன்ன இரண்டில் எது நடந்தது என்பதைத் தரவு மட்டும் சொல்லாது. கேள்வி கேட்கப்போனவர்கள்தான் சொல்ல வேண்டும். விடுபட்டவர்கள் ஒரு படி கீழே இருந்தால் முடிவு மாறுமா என்றும் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ‘தெரியாது’ என்ற பதிலை நடு எண்ணாகிய 3இல் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி (நர்ஸ், போர்ட் லூயிஸ்): சர்க்கரை நோயாளிகளின் கால் வலியை நான்கு தடவை அளந்தோம். பாதியில் நின்றவர்களுக்குக் கடைசி மதிப்பையே நிரப்பச் சொல்கிறார்கள்.

பதில்: மறுத்துவிடுங்கள் அக்கா. வலி கூடியதால் வராமல் போனவருக்கு அன்றைய வலியையே என்றைக்கும் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒரே ஆளின் பல அளவுகளைச் சேர்த்து ஆராயும் சாதாரண ஜிஇஇ முறையும் இங்கே சரிவராது. அது விடுபடுதல் முற்றிலும் தற்செயல் என்று எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு ரேண்டம் எஃபெக்ட் (அவரவருக்கே உரிய ஏற்றத்தாழ்வு) வைத்த ஆர்டினல் மாடலை, அதாவது வரிசைப் பதிலுக்கான மாடலை, ஓட்டுங்கள். ஆர் மென்பொருளில் ‘ஆர்டினல்’ பேக்கேஜின் சிஎல்எம்எம் உண்டு. முந்தைய அளவுகளைப் பொறுத்து ஒருவர் நின்றிருந்தால் அது தாங்கும்.

கேள்வி (ட்ரியோலே): விடுபட்டதைப் பல தடவை வெவ்வேறாக நிரப்பி முடிவுகளைச் சேர்க்கும் மல்டிபிள் இம்ப்யூட்டேஷனில் எத்தனை தடவை நிரப்புவது?

பதில்: 100க்கு 30 தாள் குறையுள்ளதென்றால் குறைந்தது 30 தடவை. ஆரின் ‘மைஸ்’ பேக்கேஜில் வரிசைப் பதிலுக்கு ‘போல்ஆர்’ முறையைக் கொடுங்கள், 3.4 என்று நிரப்பி முழு எண்ணாக்க வேண்டாம். விளைவு மாறியையும் (நீங்கள் விளக்க முயலும் பதிலையும்) நிரப்பும் மாடலில் சேருங்கள். விட்டால் மாறிகளுக்கு இடையிலான உறவுகள் நைந்துபோகும்.

கேள்வி (அதே அன்பர்): ஆரில் கூட்டல் குறி வந்த கெழு, சாஸ் மென்பொருளில் கழித்தலாக வருகிறதே?

பதில்: பிழை இல்லை. ஆரின் போல்ஆர் மேல் பிரிவை நோக்கிக் கணக்கிடுகிறது, சாஸின் லாஜிஸ்டிக் வழக்கமாகக் கீழ்ப் பிரிவை நோக்கி. சாஸில் ‘டிசெண்டிங்’ என்று கொடுங்கள், சரியாகிவிடும்.