அம்மா பிடித்த வெள்ளைத் துணி

கேள்வி: மியான்மரில் சிறுவர்கள் துறவு பூணும் சடங்கைப் பார்த்தீர்களாமே, சொல்லுங்களேன்.
– வாசகி, பாலக்கோடு

பதில்: அதன் பெயர் ஷின்பியு. புத்தரின் மகன் ராகுலன் துறவு பூண்டதை நினைவூட்டுவது. மண்டலேயில் பார்த்தேன். பையனுக்கு எட்டு வயதிருக்கும். இளவரசன் போல ஜரிகை உடை, உதட்டுச் சாயம், தங்கநிறக் குடை, குதிரையில் ஊர்வலம்.

அப்புறம் மொட்டை. முடி தரையில் விழாமல் அம்மாவும் அப்பாவும் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். அம்மாவின் கை நடுங்க, துணியும் நடுங்கியது. தீர்த்தமலையில் தாய்மாமனான என் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்ட அக்கா மகன் ஞாபகம் வந்துவிட்டான். அவன் அழுதுகொண்டே எங்களோடு வீட்டுக்கு வந்தான். இந்தப் பையன் செங்காவி உடுத்தி மடத்துக்குப் போனான். பலருக்குச் சில வாரங்கள்தான். ஆனால் நண்பகலுக்கு மேல் சாப்பாடு கிடையாது, பணத்தைத் தொடக்கூடாது.

பெற்ற அம்மாவே அவன் எதிரில் மண்டியிட்டு வணங்கினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.