வழியில் பூட்டு, வாசலில்?

கேள்வி: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மூன்றிலும் பேசுகிறேன். நடுவில் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: வாட்ஸ்அப், சிக்னல் இரண்டையும் பொறுத்தவரை நம்பலாம். உங்கள் போனில் பூட்டப்படும் செய்தி எதிராளியின் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சர்வரிடம் சாவி கிடையாது. வாட்ஸ்அப் 2016-லேயே இதை எல்லோருக்கும் கொண்டுவந்துவிட்டது. டெலிகிராமில் அழைப்புகளுக்கு இந்தப் பூட்டு உண்டு. ஆனால் சாதாரண சாட்டுக்குச் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்க வேண்டும். குரூப்புக்கு அதுவும் இல்லை. அந்தரங்க விஷயங்களை அங்கே பேசாதீர்கள்.

ஒன்று மட்டும்: நீங்கள் யாரோடு, எப்போது பேசினீர்கள் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. அந்த விவரத்தைக்கூடச் சேர்த்து வைக்காதது சிக்னல்தான். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது.

என் கவலையெல்லாம் வழியைப் பற்றி அல்ல, இரண்டு முனைகளைப் பற்றித்தான். தோழி ஒருத்தி, தான் அக்காவுக்கு அனுப்புவதெல்லாம் பிரிந்துபோன கணவருக்கு எப்படித் தெரிகிறது என்று அழுதுகொண்டே வந்தாள். அவள் போனை வாங்கி வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்தேன். அவளுடையது அல்லாத ஒரு கம்ப்யூட்டர் அங்கே உட்கார்ந்திருந்தது! போன் கொஞ்ச நேரம் கைக்குக் கிடைத்தால் போதும், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து இணைத்துவிடலாம். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டோம், பிறகு ‘லாக் அவுட்’ கொடுத்தோம். போனைத் திறக்கும் பின் நம்பரையும் அங்கேயே மாற்றினாள்.

நீங்களும் அந்தப் பட்டியலை இன்றே பாருங்கள். அப்புறம், எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது கிடைத்தால் உங்கள் கணக்கையே வேறு போனுக்கு மாற்றிக்கொள்வார்கள். ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டுவிட்டால், அந்த எண்ணோடு நீங்கள் வைத்த பின் நம்பரும் தேவைப்படும்.

பலரும் கவனிக்காதது பேக்கப். கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ போய்ச் சேரும் வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் பூட்டுப் போடும் வசதி 2021-இல் வந்தது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று சாட் பேக்கப் பகுதியில் பாருங்கள். உங்கள் போனில் மட்டும் போட்டால் போதாது, அதே பேச்சு எதிராளியின் பேக்கப்பிலும் இருக்கிறதே. இதைச் சொன்னதும் தோழி அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு, அவர் அதை ஆன் செய்யும்வரை லைனை விடவில்லை.